தம்புராட்டியின் தட்டில் கொய்யாப்பழம்

மரங்கொத்தியை உங்களுக்குத் தெரியும். பிழைகொத்தியைத் தெரியுமா? தெரியாதென்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் ஒன்று இருக்கும். இல்லையென்றால் எதிர்வீட்டில் இரண்டு இருக்கும். இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை கொத்துகிறவர், கச்சேரியில் தாளம் கொத்துகிறவர், பந்தியில் உட்கார்ந்த கையோடு சாம்பாரில் பெருங்காயம் கொத்துகிறவர் என்று பலர் உண்டு. இவர்களெல்லாம் சாதுக்கள். சாப்பிட்டு முடித்தால் போய்விடுவார்கள். நாம் இப்போது பார்க்கப்போகிறவர் இந்த இனத்திலேயே குரல்வளம் மிகுந்தவர். ராஜா ராணிக் கதைகளில் மட்டும் பிழை கொத்துகிறவர்.

இவரை அடையாளம் காண்பது எளிது. டிவியில் முரசு அதிர்ந்து, சங்கு முழங்கி, திரைச்சீலை விலகி, மகாராஜா எழுந்தருளினால் நாமெல்லாம் மகாராஜாவைப் பார்ப்போம். இவர் மகாராஜாவுக்குப் பின்னால் சாமரம் வீசுகிற பெண்ணின் நகத்தைப் பார்ப்பார். நகப்பூச்சு இருக்கிறதா? இருந்தது என்றால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி. ஆயிரம் குதிரைகள் புழுதி பறக்கப் பாய்ந்து வரும்போது நமக்கு மயிர்க்கூச்செறியும். இவரோ, நாலாவது குதிரையின் கழுத்தில் கட்டியிருப்பது நைலான் கயிறு என்பார். தம்பானூர்த் தியேட்டர் ஒன்றில் அவர் அப்படிச் சொன்னபோது, இளவரசன் தன் தகப்பனின் மடியில் உயிரை விட்டுக்கொண்டிருந்தான். பின்வரிசையில் அழுதுகொண்டிருந்த ஒரு தடியர், “மாமா, ஒந்நு மிண்டாதிரிக்காமோ?” என்று கெஞ்சினார். மிண்டாமல் இருப்பதா? வாயைத் திறக்காமல் இருப்பதற்கா டிக்கெட் எடுத்தார்?

இந்த இனத்துக்கு ஒரே ஒரு மூலமந்திரம்தான். “அந்தக் காலத்துல இது ஏது?” பதில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவரே சொல்வார்.

கல்யாணராமன் இந்த இனத்தின் திருவனந்தபுரம் பிரதிநிதி. கரமனையில் ஆற்றுக்குப் போகிற தெருவில் வீடு. வயது அறுபத்தெட்டு. அச்சகத்தில் புரூஃப் ரீடராக முப்பத்துமூன்று வருஷம் உட்கார்ந்து, கோடிக்கணக்கான எழுத்துகளில் தப்பான எழுத்தை மட்டுமே பார்த்துப் பழகிய கண். சரியாக இருப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், படிப்பதற்கு புரூஃப் இல்லாமல், பால் கவரில் அச்சடித்திருந்ததை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, அவர் மனைவி சூடாமணிதான் பரிதாபப்பட்டு டிவியைப் போட்டுவிட்டாள். அந்தப் புண்ணியத்தை அவள் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறாள்.

சூடாமணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரார் பேச்செல்லாம் காதில் விழும். ஒரு சொல் வெளியே வரக்கூடாது என்பது அந்த வேலையின் தர்மம். யார் வீட்டுச் சண்டை, யார் வீட்டுச் சம்பந்தம், எல்லாவற்றையும் பாதியில் கேட்டு, பாதியில் விட்டு, முப்பது வருஷம் ஓட்டியவளுக்கு ஓய்வு பெற்றபின் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை முழுசாகக் கேட்க வேண்டும். அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது, திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழு மணிக்கு வருகிற ‘செம்பகக்கொட்டாரம்’ என்கிற மலையாள சீரியல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. கொட்டாரமென்றால் அரண்மனை. அரண்மனையில் ஒரு தம்புராட்டி, அதாவது ராணி, அவளுடைய தொலைந்துபோன குழந்தை, அதைத் தொலைத்த ஒரு நாத்தனார். வேறென்ன வேண்டும்?

கல்யாணராமனுக்கும் அந்த சீரியல் உயிர். தம்புராட்டி வனவாசம் போனபோது சூடாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணராமன் துள்ளி எழுந்தார். “வனமாம், வனம்! போனக்காட்டு எஸ்டேட்டாக்கும் இது. பின்னாடி பாரு, கண்ணுக்கெட்டின வரைக்கும் தேயிலை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி தேயிலை ஏது? சாயா குடிக்கவாடீ வனவாசம் போனா?” சேரநாட்டுக் கப்பல் பாய்விரித்துக் கரைக்கு வந்தபோது, திரையின் ஓரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அன்று அவர் ராத்திரிச் சாப்பாட்டையே மறந்தார். எபிசோட் எண், நிமிஷம், பிழை, திருத்தம் என்று நாலு கட்டம் போட்டு, சிவப்பு மையில் சேனலுக்குக் கடிதம் எழுதினார். அப்படி நாற்பத்துமூன்று கடிதங்கள் எழுதினார். ஒன்றுக்காவது பதில் வந்ததா? பதிலை எதிர்பார்ப்பவன் பிழைகொத்தியே அல்ல.

இப்படியே போயிருக்கும். ஆனால் கொய்யாப்பழம் குறுக்கே வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. தொலைந்துபோன குழந்தை உயிரோடு இருக்கிறதா, இருந்தால் எங்கே என்ற செய்தியோடு ஒரு கிழவி அரண்மனைக்கு வந்துவிட்டாள். மூன்று வாரமாக சூடாமணி காத்திருந்த கட்டம். கிழவி தம்புராட்டியின் காலில் விழுகிறாள். தலையை நிமிர்த்துகிறாள். வாயைத் திறக்கிறாள்.

“கொய்யாப்பழம்!” என்றார் கல்யாணராமன். “தட்டுல பாத்தியோ? கொய்யாப்பழம்! பறங்கிக்காரன் கப்பல்ல வந்ததாக்கும் கொய்யா. பக்கத்துல அன்னாசி வேறே! அதுவும் அவன் கொண்டுவந்ததுதான். அந்தக் காலத்துல இது ஏது?”

அவர் முடிப்பதற்குள் கிழவி சொல்ல வேண்டியதைச் சொல்லி, தம்புராட்டி மயங்கி விழுந்து, சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. குழந்தை எங்கே என்று சூடாமணியின் காதில் விழவே இல்லை. அவள் மூக்குக்கண்ணாடியை மடித்துக் கூட்டில் வைத்தாள். எழுந்தாள்.

“ன்னா, இங்க பாருங்கோ. உங்களுக்கு அந்தத் தட்டாக்கும் பெரிசு. எனக்கு அந்தக் கொழந்தையாக்கும் பெரிசு. திங்கக்கிழமையிலேருந்து நான் ஓமனா ஆத்துல போய் பாத்துக்கறேன்.”

“அதுக்கு இப்படியா கோவிச்சுப்பா?”

“கோவமொண்ணும் இல்லே. ஒரு எபிசோட், ஒரே ஒரு எபிசோட், வாயைத் தொறக்காம முழுசாப் பாத்துக் காட்டுங்கோ. அன்னிக்கு நான் திரும்பி வந்து உங்க பக்கத்துல உக்கார்றேன். அதுவரைக்கும் மதி.”

மதி என்றால் போதும். கரமனையில் ஒரு மாமி மதி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

ஓமனா மூன்றாவது வீட்டுக்காரி, பெரிய டிவி வைத்திருப்பவள், சீரியல் நேரத்தில் மிக்ஸிகூடப் போடமாட்டாள். சூடாமணி அங்கே சௌக்கியமாக உட்கார்ந்துகொண்டாள். கல்யாணராமனின் கதிதான் பரிதாபம். திங்களன்று நாத்தனார் ஜன்னலோரம் நின்று சதி செய்தபோது, ஜன்னல் கம்பியில் ஸ்டீல் ஸ்க்ரூ தெரிந்தது. “பாத்தியோ!” என்று திரும்பினார். காலி நாற்காலி. செவ்வாயன்று சமையல்கட்டில் பச்சைமிளகாய், புதனன்று மண்டபத்தூணில் செண்டுமல்லி மாலை. மெக்ஸிகோவிலிருந்து வந்த பூ! யாரிடம் சொல்வது? காலையில் பால்காரியிடம் சொன்னார். அவள் மறுநாள் முதல் பால் கவரை கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போனாள். சொல்ல ஆளில்லாத தப்பை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்? வியாழனன்று பொறுக்கமுடியாமல் ஓமனா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, “சூடா! பிளாஸ்டிக் பூ!” என்று கத்தினார்.

“மாமா, அகத்து வரூ, அல்லெங்கில் போகூ. ஜன்னல்ல நிந்நு பறயண்டா,” என்று சொல்லிவிட்டு ஓமனா ஜன்னலைச் சாத்தினாள்.

உள்ளே வரவும் செய்தார். பரீட்சை எழுதத்தான். முதல் தடவை நாலு நிமிஷம் தாங்கினார். இரண்டாம் தடவை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்பது நிமிஷம். அப்போது தம்புராட்டி மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்றாள். கேரளத்துக்கு மரச்சீனி வந்தது நேற்றைய கதை ஐயா, எப்படித் தாங்குவார்? மூன்றாம் தடவை போக அவருக்கே வெட்கமாக இருந்தது. வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் அவள் விட்டுப்போன விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த வீடு ஏழு மணிக்கு இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

இந்த நிலைமையில்தான் சஜியின் போன் வந்தது. சஜி செம்பகக்கொட்டாரத்துக்கு நடிகர் பிடித்துக் கொடுக்கிறவர். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

“சாரே, சாரோட லெட்டர் எல்லாம் டைரக்டர் வாயிச்சு, ஒண்ணு விடாமப் படிச்சு. நாப்பத்துமூணும். ராஜகுரு வேஷத்துக்கு ஒரு ஆள் வேணும், ஒரு நாள் வேலை. சாருக்குத்தான் எல்லாம் தெரியுமே, சார் தன்னே வந்து சரியாக்கிக் காட்டணும்னு டைரக்டர் பறஞ்சு.”

கிண்டலா, மரியாதையா? கல்யாணராமன் அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை. தன் கண்ணெதிரே, தன் மேற்பார்வையில், ஒரு பிழையும் இல்லாத ஒரு காட்சி! அதில் திருத்த என்ன இருக்கும்? அதை சூடாமணி பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துவிடலாமே! கணக்கு அப்படிப் போயிற்று.

ஷூட்டிங் நாளன்று ஊருக்கு வெளியே பாறைமேல் போட்டிருந்த அட்டை அரண்மனைக்குள் அவர் சிவப்புப் பென்சிலோடு நுழைந்தார். முதலில் தட்டிலிருந்த கொய்யாவும் அன்னாசியும் வெளியேறின. பலாச்சுளையும் மாம்பழமும் ஏறின. தூணிலிருந்த செண்டுமல்லி இறங்கியது. தோழியின் தாவணியிலிருந்த ஊக்கு கழன்றது. பாவம், அவள் அன்று முழுவதும் தாவணியைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றாள். பிரஜின் என்கிற காவல்காரனின் மணிக்கட்டில் ‘ஆர்ஷா’ என்று பச்சை குத்தியிருந்ததைக் கண்டுபிடித்து, இங்கிலீஷ் எழுத்து எப்படி வந்தது என்று கேட்டு, மஞ்சள் பூசி மறைக்கச் செய்தார். “சார், அது என்டெ பாவி வதுவாணு,” என்று பையன் வருங்கால மனைவிக்காகப் பரிந்து பேசினான். ஆயிரம் வருஷம் முன்னாலோ பின்னாலோ கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கையைப் பார்க்கப் போனார். பதினேழு பேரின் கைகளைப் பார்த்தார் என்று சஜி பிறகு சொன்னார்.

கடைசியில் அவருடைய வேஷம். பஞ்சகச்சம், ருத்ராட்சம், நெற்றி நிறைய விபூதி. தோள் இரண்டையும் மூடி முழங்கை வரை தொங்குகிற ஒரு பட்டு சால்வையைப் போர்த்தினார்கள். கல்யாணராமன் அதன் கரையைத் தடவிப் பார்த்தார்.

“இது மெஷின் ஜரிகையாக்கும்.”

“கேமராவில அறியாது சாரே.”

“எனக்கு அறியுமே!” என்று சால்வையை உருவிச் சஜியின் கையில் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றினார். அந்தக் காலத்தில் மூக்குக்கண்ணாடி ஏது? அதோடு உலகமே பனி மூடினாற்போல் ஆகிவிட்டது. மேக்கப் கண்ணாடியில் எதிரே நின்றது ராஜகுருவா தூணா என்றுகூடத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன? பிழை ஏதும் பாக்கியில்லை என்பது தெரிந்தால் போதாதா?

வெளிச்சம் சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் காட்சியை எடுத்தார்கள். இடது கையை உயர்த்தித் தம்புராட்டியைத் தடுத்து, “தம்புராட்டி, காலம் அனுகூலமல்ல!” என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னார். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். அது நடிப்புக்கா, வேலை முடிந்ததற்கா என்பது இன்றுவரை தெரியாது.

ஒளிபரப்பான மாலை ஓமனா வீட்டு ஹாலில் தெருவே கூடியிருந்தது. சூடாமணி முன்வரிசை நாற்காலியில் இருந்தாள். பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருந்தாள். கல்யாணராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பந்தயம் இன்னிக்கும் உண்டு, கேட்டேளா,” என்றாள் அவள் மெதுவாக.

“என்னோட சீன்லே என்னடீ தப்பு இருக்கும்?”

எட்டாவது நிமிஷத்தில் ராஜகுரு வந்தார். ஹாலில் ஒரே விசில். ராஜகுரு கையை உயர்த்தினார். கேமரா அந்தக் கையை ஆசை தீர நெருங்கியது. முழங்கைக்கு மேலே, தோளுக்குக் கீழே, எண்ணெய் பூசிப் பளபளத்த புஜத்தில், திரை அளவுக்குப் பெரிதாக இரண்டு வட்டங்கள்.

அம்மை குத்தின தழும்பு.

ஆறு வயதில், பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி, அழ அழக் குத்திவிட்டது. அறுபத்திரண்டு வருஷமாக அவரோடு குளித்து, அவரோடு தூங்கியது. பதினேழு பேரின் கையைப் பார்த்தவர் பதினெட்டாவது கையைப் பார்க்கவில்லை. பட்டு சால்வை இருந்திருந்தால் அது பாட்டுக்கு மறைந்திருக்கும். மெஷின் ஜரிகை! ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சேரநாட்டு ராஜகுரு, பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்து, தம்புராட்டிக்குக் காலம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். செம்பகக்கொட்டாரம் தொடங்கிய நாளிலிருந்து இதைவிடப் பெரிய பிழை அதில் வந்ததில்லை.

கல்யாணராமனின் வாய் தானாகத் திறந்தது. ஒரு பிழைகொத்தியின் வாழ்க்கையில் இப்படி ஒரு தருணம் ஒரு தடவைதான் வரும். சொன்னால் மானம் போகும், பந்தயமும் போகும், பக்கத்து நாற்காலி என்றைக்கும் காலிதான். சொல்லாவிட்டால்? நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. “மாமா, சூப்பர்!” என்று ஓமனா, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரித் தட்டை நீட்டினாள். கல்யாணராமன் ஒன்றை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டார். அது இறங்குவதற்குள் இன்னொன்று. மீதிப் பதின்மூன்று நிமிஷத்தில் ஐந்து பழம்பொரி உள்ளே போயிற்று. ஒரு சொல் வெளியே வரவில்லை.

பாட்டு முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் சூடாமணி எழுந்தாள்.

“ஜயிச்சுட்டேள். வாங்கோ, ஆத்துக்குப் போலாம்.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். புது உடன்படிக்கை ஒன்றும் ஏற்பட்டது. விளம்பரம் ஓடும்போது மட்டும் அவர் பேசலாம். சோப்பு, பெயின்ட், நகைக்கடை ஆகிய மூன்றும் முடிவதற்குள் அவர் மூச்சுவிடாமல் பிழைகளை ஒப்பிப்பார், அவள் தலையாட்டுவாள். ஆனால் அந்தத் தழும்பு மட்டும் தொண்டையிலேயே நின்றது. ஒரு வாரம் பொறுத்தார். அடுத்த திங்களன்று பெயின்ட் விளம்பரத்தில் சொல்லிவிட்டார்.

“சூடா, அன்னிக்கு ராஜகுரு கையிலே ஒரு தப்பு.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அம்மை குத்தின வடு. நாப்பத்திரண்டு வருஷமாப் பாக்கற கையை டிவியிலே இத்தனை பெரிசாக் காட்டினா தெரியாதா?”

“அப்பவே பாத்தியா? ஏன் பறயலை?”

“நன்னா இருந்தேள்,” என்றாள் சூடாமணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நன்னா இருக்கறச்சே எதுக்குக் கெடுக்கணும்?”

விளம்பரம் முடிந்து சீரியல் வந்துவிட்டது. அன்றைய மீதி எபிசோடில் என்னென்ன பிழைகள் இருந்தன என்று கல்யாணராமனுக்குத் தெரியாது. திரை கலங்கலாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். கோளாறு கண்ணாடியில் இல்லை.

திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? மறுநாள் காலையிலேயே நாற்பத்துநாலாவது கடிதம் போயிற்று. எபிசோட் எண், நிமிஷம் எட்டு, பிழை: ராஜகுருவின் இடது புஜம். கீழே கையெழுத்து: பெயர் சொல்ல விரும்பாத நேயர். அவ்வளவு பெரிய பிழையை உலகம் கவனிக்காமல் போவதை அவரால் சகிக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து சஜி போன் செய்தார்.

“சாரே, யாரோ ஒரு அசூயக்காரன் சாரோட கையைப் பத்தி எழுதியிருக்கான். விட்டுத் தள்ளுங்க, அவனுக்கு வேறே வேலையில்லை.”

“அசூயையா?” என்று குரலை உயர்த்தினார் கல்யாணராமன். “அந்த ஆள் எழுதினது நூத்துக்கு நூறு சரியாக்கும்! சரித்திரம் தெரிஞ்ச மனுஷன்! அவருக்கு பதில் போட வேண்டாமா?” என்று கால் மணி நேரம் சண்டை பிடித்தார்.

நல்லவேளை, நமக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை, இல்லையா? நீங்கள் கதையைக் கதையாகத்தான் படித்தீர்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அம்மை குத்துவதை எந்த வருஷம் நிறுத்தினார்கள், அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது இருக்குமா என்று நடுவில் ஒரு நிமிஷம் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தீர்களே, எதற்கு? சேரநாட்டில் ராஜகுரு என்று ஒருவர் உண்டா, பஞ்சகச்சம் கட்டுவாரா என்று புருவத்தைத் தூக்கினீர்களே, அது? கையில் பென்சில் ஏதும் இருந்தால் மெதுவாகக் கீழே வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் பிழை எது என்று அவருக்கு எப்போதோ தெரியும். இதுவரை சொல்லவில்லை, அவ்வளவுதான்.